சரிவுகள் – பிற – தட்டிப் பார்த்தவை

புயல் மழை விட்ட மறுநாள் காலையில், தன் சலூனின் பின்பக்கத் தடுப்புச் சுவரிலிருந்து பழுப்பு நிறத் தண்ணீர் கசிவதை இசோகாய் மொரியோ பார்த்தார். சுவருக்கு மேலே மலைச் சரிவு. கீழே அவருடைய சலூன், அதை ஒட்டிக் குழந்தைகள் காப்பகம், அதற்கப்பால் ஒரு நூடுல்ஸ் கடை. சுவர் நடுவில் கொஞ்சம் வயிறு தள்ளியிருந்தது. அவருக்கும் வயதாகி வயிறு தள்ளித்தான் இருந்தது என்பதால் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காப்பகத்துப் பிள்ளைகள் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு, கை கோத்துக்கொண்டு அந்தச் சுவரோரமாகப் போவதைப் பார்த்த பிறகுதான் ஹமாசோரி மாநகராட்சிக்குக் கிளம்பினார்.

சரிவுகள் பிரிவில் ஒரு இளைஞர் அவரை உட்காரச் சொன்னார்.

"சில வருஷம் முன்னாடி உங்க ஆள் ஒருத்தர் வந்து சுவரைச் சுத்தியலால தட்டிப் பார்த்தாரு. எழுதிக்கிட்டும் போனாரு. அதுல என்ன இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார் இசோகாய்.

இளைஞர் கணினியில் தேடினார். "அப்படிப் பதிவு எதுவும் இல்லைங்க."

"அப்ப, அவர் வரவே இல்லைங்கிறீங்களா?"

"வரலைன்னும் பதிவு இல்லைங்க."

"என் கடையில உக்காந்து பார்லி டீ குடிச்சாருங்க."

"குடிச்சிருக்கலாம். நாலாவது மாடியில ஆவண மேலாண்மைப் பிரிவு இருக்கு. அங்க கேளுங்க."

நாலாவது மாடியில் பிரிவுத் தலைவர் குரோய்வா அவரை எழுந்து நின்று வணங்கி வரவேற்றார். இருக்கிற முடியை இடமிருந்து வலமாக வாரிப் பரப்பி, இல்லாத இடத்திலும் இருப்பதாகக் காட்டும் தலை. யார் வாரிவிட்டதோ, நல்ல கைவேலை என்று இசோகாய் மனதுக்குள் பாராட்டினார்.

"நீங்க சொல்ற காகிதம் இருக்கலாம்" என்றார் குரோய்வா. "அழிப்புக்குக் காத்திருக்கிற பெட்டிகள்ல இருக்கலாம்."

"அப்ப எடுத்துக் காட்டுங்க."

"அழிப்புக்குக் காத்திருக்கிறதைப் பொதுமக்கள் பார்க்க முடியாதுங்க. பார்த்துட்டாங்கன்னா அதை அழிக்கிறது மரியாதையா இருக்காது."

"அழிச்ச பிறகு?"

"அழிச்ச பிறகு தாராளமா விண்ணப்பிக்கலாம். அது இல்லைன்னு கடிதம் கொடுப்போம். அந்தக் கடிதத்தோட நகலை நாங்க நிரந்தரமாப் பாதுகாப்போம். நெருப்புப் பிடிக்காத அலமாரியில."

இசோகாய் இதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, அந்தப் பெட்டிகளை யார்தான் பார்க்கலாம் என்று கேட்டார். ஆவண மதிப்பீட்டுக் குழு உறுப்பினர்கள் மட்டும் பார்க்கலாம் என்றார் குரோய்வா. அதில் பொதுமக்கள் சார்பாக ஓர் இடம் உண்டு. அது உருவான நாளிலிருந்து காலியாகவே இருக்கிறது. விண்ணப்பிக்கிறவர் 'ஆவணங்களின் எதிர்காலமும் நானும்' என்று ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும்.

வீட்டுக்கு வந்து மனைவி யாசுயோவிடம் சொன்னார்.

"ஏங்க, சுவர் நம்ம தலையில விழுந்தா அதுக்காவது பதிவு இருக்குமா?" என்று கேட்டாள் யாசுயோ.

"எத்தனை வருஷத்துக்கு வெச்சிருப்பாங்கன்னு கேக்கணும்."

"கேக்க வேணாம். உக்காந்து கட்டுரையை எழுதுங்க."

ஆவணங்களைப் பற்றி இசோகாய்க்கு ஒன்றும் தெரியாது. தெரிந்ததை எழுதினார். எதை வெட்டுவது, எதை விடுவது என்பதுதான் தன் தொழில் என்றும், நன்றாக வெட்டிய தலையில் எதை வெட்டினோம் என்றே தெரியாது என்றும் எழுதினார். மாநகராட்சியில் அந்தக் கட்டுரை பெரிய சலனத்தை உண்டாக்கியது. கடைசி வரியை மேயர் ஒரு திறப்பு விழாவில் மேற்கோள் காட்டினார். அந்த மாதமே இசோகாய்க்கு நியமனக் கடிதம் வந்தது.

குழு கூடியது ஆறாவது மாடியில். ஏன் இவ்வளவு உயரத்தில் என்று லிஃப்டில் கேட்டதற்கு குரோய்வா விளக்கினார். "ஒவ்வொரு ஆவணத்தை அழிக்கும்போதும், அழிச்சோம்னு ஒரு பதிவு எழுதுவோம். அழிப்புப் பதிவு நிரந்தரம். அதுலயே மூணு மாடி நிரம்பிடுச்சு. இடம் பத்தலை. இடம் பண்றதுக்காகத்தான் இன்னும் வேகமா அழிக்கிறோம்."

தலைவர் மிகுரியா முன்னாள் துணை மேயர். அவருக்கு வலப்பக்கம் பூ அலங்காரம் சொல்லித்தரும் தொகுனோ அம்மையார். இடப்பக்கம் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர். அவர் கூட்டம் தொடங்குமுன்பே தூங்கிவிட்டார். ஒவ்வொருவர் முன்பும் ஒரு பாட்டில் பச்சைத் தேநீர், ஒரு இனிப்பு பன், ஒரு பட்டியல். பட்டியலில் தலைப்புகள் மட்டும் இருந்தன.

மிகுரியா எழுந்து வரவேற்புரை ஆற்றினார்.

"நான் இந்த மாநகராட்சியில வாழ்நாள் முழுக்க உழைச்சேன். துணை மேயரா இருந்த காலத்துல நான் செஞ்ச ஒரு காரியத்தைக்கூட இன்னைக்கு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதைப் பெருமையாச் சொல்றேன். ஆவணம்கிறது வருங்காலத் தலைமுறைக்கு நாம விட்டுட்டுப் போற சுமை. நம்ம பிள்ளைங்க மேல நமக்கு அன்பு இருந்தா, அந்தச் சுமையைக் குறைக்கணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். வங்கி மேலாளர் விழித்து, தானும் தட்டிவிட்டு, மறுபடி தூங்கினார்.

மதிப்பீடு தொடங்கியது. குரோய்வா தலைப்பை வாசிப்பார். தொகுனோ அம்மையார் "ஆட்சேபணை இல்லை" என்பார். தலைவர் முத்திரை குத்துவார். மாநகராட்சி ஊழியர்களின் பந்தாட்டப் போட்டி முடிவுகள் நிரந்தரப் பாதுகாப்பு பெற்றன. முந்தைய மேயர் ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோல்களின் அளவு விவரமும் நிரந்தரம். தாழ்வாரத்துச் செடிகளுக்கு யார் எந்தக் கிழமை தண்ணீர் ஊற்ற வேண்டும் என்ற அட்டவணையும் நிரந்தரம். செடிகள் செத்துப் பல வருஷமாகிவிட்டது. 'பள்ளிக் குடிநீரின் நிறம் பற்றி' அழிப்பு. 'பாலம் – விசித்திரமான சத்தம்' அழிப்பு. 'மேற்படி பாலம் – சத்தம் அதிகமானது' அழிப்பு.

இசோகாய் கையைத் தூக்கினார். "அந்தப் பாலம் என்ன ஆச்சுங்க?"

தொகுனோ அம்மையார் தன் பன்னைப் பார்த்தார். தலைவர் பத்து நிமிட இடைவேளை அறிவித்தார். இடைவேளைக்குப் பிறகு குரோய்வா எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கினார்.

"உறுப்பினர் உள்ளடக்கத்தைத் தெரிஞ்சுகிட்டு மதிப்பிட்டா, அதுல சொந்த விருப்பு வெறுப்பு கலந்துடும். அதனால நாம தலைப்பை மட்டும் பார்க்கிறோம். பொது விதி ரொம்ப எளிமையானது. ஒரு காகிதத்தை யாருமே கேக்கலைன்னா, அதுக்கு மதிப்பு இல்லைன்னு அர்த்தம். அழிச்சுடலாம். யாராவது கேக்கிறாங்கன்னா, அது குழப்பத்தை உண்டாக்குதுன்னு அர்த்தம். சீக்கிரமா அழிச்சுடணும்."

"ரெண்டுலயும் அழிக்கிறதுதானா?"

"வேகம் வேற வேறங்க" என்றார் குரோய்வா.

இசோகாய் அன்று வீட்டுக்கு வந்து யாசுயோவிடம் பன்னைக் கொடுத்தார். அவள் பாதியைத் தின்றுவிட்டு, "இதுக்குத்தான் போய்ட்டு வந்தீங்களா" என்றாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் கூட்டங்களுக்குப் போய்வந்தார். அதற்குள் சுவரின் வயிறு இன்னும் இறங்கியிருந்தது. சலூனின் தரை லேசாகச் சாய்ந்து, நீளமான கண்ணாடி ஒரு பக்கம் தொங்கியது. வாடிக்கையாளர்கள் தலையைச் சாய்த்துப் பார்த்து, கிருதா ஒரு பக்கம் இறங்கியிருக்கிறதே என்று சந்தேகப்பட்டார்கள். காப்பகத்தின் ஆசிரியை பிள்ளைகளை வேறு வழியில் கூட்டிப்போக ஆரம்பித்தார். வேறு வழியில் லாரிகள் ஓடின.

பிப்ரவரிக் கூட்டத்தில் குரோய்வா வாசித்தார். "சரிவுகள், பிற, தட்டிப் பார்த்தவை. வெச்சிருக்க வேண்டிய காலவரையறை ஒரு வருஷத்துக்கும் குறைவு. தவறுதலா இத்தனை வருஷம் தங்கிடுச்சு. அதுக்காக மன்னிப்புக் கேட்டுக்கறோம்."

"ஆட்சேபணை இல்லை" என்றார் தொகுனோ அம்மையார்.

"எனக்கு இருக்கு" என்றார் இசோகாய்.

ஆட்சேபணை செய்யலாம், ஆனால் அந்த ஆவணத்தின் எந்த வரி எந்த வகையில் முக்கியம் என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்றார் தலைவர். உறுப்பினர் அதைப் படிக்கக் கூடாது என்பதால் இசோகாயால் சொல்ல முடியவில்லை. தலைவர் அனுதாபத்தோடு முத்திரை குத்தினார். பிறகு அவருக்கு ஒரு ஆறுதல் பரிசு கொடுக்கும் குரலில் சொன்னார்: "இந்தத் தடவை அழிப்புச் சாட்சியா நீங்களே இருங்களேன். பொதுமக்கள் சார்பா ஒரு கௌரவம்."

காகிதம் நறுக்கும் இயந்திரம் அடித்தளத்தில் இருந்தது. இசோகாய்க்கு வெள்ளைக் கையுறை கொடுத்தார்கள். குரோய்வாவும் இரண்டு ஊழியர்களும் பெட்டிகளுக்கு முன்னால் வரிசையாக நின்று குனிந்து, "இத்தனை காலம் உழைத்தமைக்கு நன்றி" என்று ஒரே குரலில் சொன்னார்கள். தன்னோடு வாழ்நாளெல்லாம் வேலை பார்த்தவரைக்கூட யாரும் இவ்வளவு பக்தியாக வழியனுப்பி இசோகாய் பார்த்ததில்லை.

"ஒரு சின்ன வேலை" என்றார் குரோய்வா. "போடறதுக்கு முன்னாடி காகிதத்துல குத்தியிருக்கிற பின்னை எல்லாம் எடுத்துடணும். இரும்பு உள்ள போனா பல்லு உடைஞ்சுடும். முன்ன ஒரு தடவை உடைஞ்சுது. அந்த விபத்து அறிக்கை நிரந்தரப் பாதுகாப்புல இருக்கு."

இசோகாய் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டாகப் பின்னை எடுத்தார். 'தட்டிப் பார்த்தவை' வந்தது. பின் துருப்பிடித்திருந்தது. அதை நெம்பும்போது மேல் தாள் கண்ணுக்கு நேரே விரிந்தது.

ஒரு புகைப்படம் இருந்தது. சுவர்; அதன் ஓரத்தில் கையில் தேநீர்த் தட்டோடு அவரே நின்றுகொண்டிருந்தார், தலையில் இன்னும் கொஞ்சம் கறுப்போடு. அதன் கீழே சுத்தமான கையெழுத்தில் இருந்தது: 'சலூன், காப்பகம் பின்புறம். கீழ்ப்பகுதியில் தட்டியபோது உள்ளே காலி. கீழே சிறு பிள்ளைகள் நடமாட்டம். அடுத்த மழைக்காலத்துக்குள் சரிசெய்தாக வேண்டும். அவசரம்.' அதற்கும் கீழே வரிசையாக முத்திரைகள். ஒவ்வொரு முத்திரையும் தனக்கு மேலதிகாரியின் முத்திரையைப் பார்த்துக் குனிந்து வணங்குவதுபோல் இடப்பக்கம் சாய்த்துக் குத்தப்பட்டிருந்தது. கடைசி முத்திரை மட்டும் நிமிர்ந்து நின்றது. முத்திரைகளைத் தவிர யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோரும் பார்த்திருந்தார்கள். பார்த்ததற்கு அழகாக அடையாளமும் வைத்திருந்தார்கள்.

"குரோய்வா சான், இதை நான் போட மாட்டேன்."

"படிச்சீங்களா?" குரோய்வாவின் முகம் வெளுத்தது. "உறுப்பினர் படிக்கக் கூடாதுங்க."

"பின் எடுக்கச் சொன்னது நீங்கதானே. கண்ணை மூடிக்கிட்டு எடுக்கச் சொல்லியிருக்கணும்."

"சரி, கொடுங்க. நானே போடறேன்."

"போடுங்க. ஆனா அழிச்சதைப் பார்த்தேன்னு கையெழுத்து நான் போட மாட்டேன்."

இயந்திரத்தின் வாய்வரை போன குரோய்வாவின் கை அப்படியே நின்றது. சாட்சியின் கையெழுத்து இல்லாமல் அழிந்த காகிதம் அழிக்கப்பட்ட காகிதம் ஆகாது. தொலைந்துபோன காகிதம் ஆகிவிடும். ஆவணம் தொலைந்தால் மாகாண அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு மூன்று அதிகாரிகள் காமிராவுக்கு முன்னால் வெகுநேரம் குனிந்து நிற்க வேண்டும். குரோய்வாவுக்கு இடுப்பு வலி வேறு. அவர் காகிதத்தை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

அந்தத் தொகுப்பில் எல்லாவற்றுக்கும் ஒரே சாட்சி என்பதால் மற்றப் பெட்டிகளும் நின்றுவிட்டன. மார்ச் முடிந்தால் நிதியாண்டு முடிகிறது. அழிக்க வேண்டியதை அந்த ஆண்டுக்குள் அழிக்காத மாநகராட்சி என்று ஹமாசோரி பெயர் வாங்கியதே இல்லை. இசோகாயைக் குழுவிலிருந்து நீக்கலாமா என்று பார்த்தார்கள். நீக்கினால் காரணம் எழுதி, ஆதாரத்தை இணைக்க வேண்டும். ஆதாரம் அந்தக் காகிதம்தான்.

அதிகாரிகள் சலூனுக்கு வர ஆரம்பித்தார்கள். சும்மா வந்தால் மரியாதையில்லை என்று ஒவ்வொருவரும் முடி வெட்டிக்கொண்டார்கள். குரோய்வா வந்தார், அவர் தலையில் இசோகாய் ஒரு முடியைக்கூட வீணாக்காமல் மெனக்கெட்டார். துறைத் தலைவர் வந்தார். ஒருநாள் மிகுரியாவே வந்து நாற்காலியில் சாய்ந்து, சவரத்துக்கு முகத்தைக் கொடுத்தார்.

"இசோகாய் சான், யோசிச்சுப் பாருங்க" என்றார் நுரைக்குள்ளிருந்து. "இந்தக் காகிதம் இருந்தா, எங்களுக்கு முன்னாடியே தெரியும்னு ஆகிடும். காகிதம் இல்லைன்னா, சுவர் விழுந்தாலும் அது எதிர்பாராத இயற்கைப் பேரிடர். உங்களுக்கு நிவாரணம் கிடைக்கும். நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"பேசாதீங்க, வெட்டிடும்" என்றார் இசோகாய். கத்தி அப்போது தாடைக்குக் கீழே இருந்தது. மிகுரியா உடனே பேச்சை நிறுத்தினார்.

துண்டுகளை மடித்துக்கொண்டிருந்த யாசுயோதான் கேட்டாள். "ஐயா, எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு காகிதத்தோட வேலை முடிஞ்சுதுன்னா அதை அழிச்சா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க இல்ல?"

மிகுரியா கண்ணால் ஆமோதித்தார்.

"இந்தக் காகிதத்தோட வேலை என்ன? சுவரைச் சரிபண்ணுங்கன்னு சொல்றது. சரிபண்ணிட்டீங்கன்னா அதோட வேலை முடிஞ்சுது. இவர் கையெழுத்துப் போட்டுடுவாரு. அந்தப் பாவப்பட்ட காகிதமும் போய்ச் சேந்துடும்."

கத்தி நின்றது. மிகுரியா நுரையோடு எழுந்து உட்கார்ந்தார். "சுவரைக் கட்டறதா?" என்றார். அந்தக் கோணத்தில் மாநகராட்சியில் யாருமே யோசித்திருக்கவில்லை.

நிதியாண்டுக் கடைசியில் செலவழியாமல் கிடந்த பணம் எப்போதும்போல் இருந்தது. அந்த வாரமே சாலையோரத்தில் எச்சரிக்கைக் கூம்புகள் வைத்தார்கள். தலைக்கவசம் போட்ட ஆள் ஒருவர் வழியில் போகிறவர்களையெல்லாம் வணங்கினார். பழைய சுவரை இடித்தபோது உள்ளே ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கும் அளவு பொந்து இருந்தது. காப்பகத்து ஆசிரியை அதற்குள் தலையை நீட்டிப் பார்த்தார். பிறகு இசோகாயின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வேலை உத்தரவில் காரணம் என்ற இடத்தில் 'ஆவண அழிப்பு இலக்கை எய்துவதற்காக' என்று எழுதியிருந்தது. காகிதத்தில் குறித்திருந்த அளவுக்கே புதுச் சுவர் எழுந்தது. காப்பகம் முடிகிற இடத்தில், கத்தியால் நறுக்கினாற்போல் நின்றது. நூடுல்ஸ் கடையின் பின்பக்கம் பழைய சுவரே இருந்தது. அதை யாரும் எந்தக் காலத்திலும் தட்டிப் பார்க்கவில்லை.

மார்ச் கடைசி நாள் இசோகாய் அடித்தளத்துக்குப் போனார். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தார். காகிதம் இயந்திரத்துக்குள் இறங்கியபோது படத்தில் முதலில் அவர் கால்கள் போயின, பிறகு தேநீர்த் தட்டு, பிறகு முகம். அந்தச் சுத்தமான கையெழுத்துக்காரர் யாரோ, எங்கே இருக்கிறாரோ. "இத்தனை காலம் உழைத்தமைக்கு நன்றி" என்று எல்லோரோடும் சேர்ந்து சொன்னார். மற்றவர்கள் நிமிர்ந்த பிறகும் அவர் கொஞ்சம் குனிந்தே நின்றார்.

ஏப்ரலில் குழுவைக் கலைத்துவிட்டார்கள். அந்த அனுபவத்திலிருந்து மாநகராட்சி பாடம் கற்றுக்கொண்டது என்று மேயர் சொன்னார். 'அழிப்பே இல்லாத ஹமாசோரி' என்ற புதுத் திட்டம் வந்தது. மாகாண அரசு அதற்கு விருது கொடுத்தது. குரோய்வாவுக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

ஜூன் மாதம் மழைக்காலம் தொடங்கும் நேரம், நூடுல்ஸ் கடைக்காரி ஷிமோதா ரிட்சு கடையில் கட்டியிருந்த ஏப்ரனோடு சலூனுக்கு ஓடிவந்தாள். "இசோகாய் சான், என் பின்பக்கமும் கசியுது. மாநகராட்சியிலேருந்து ஆள் வந்திருக்காரு. நீங்க கொஞ்சம் வாங்களேன், உங்களுக்குத்தான் அவங்க பாஷை புரியும்."

இளைஞர் ஒருவர் சுத்தியலால் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார். காதை வைத்துக் கேட்டார். முகம் மாறியது. இன்னொரு இடத்தில் தட்டினார். பிறகு சுத்தியலைப் பைக்குள் வைத்துவிட்டு, ரிட்சு கொடுத்த தேநீரை வாங்கிக்கொண்டார்.

"எழுதிக்கலையா?" என்று கேட்டார் இசோகாய்.

"பேனா கொண்டுவரதில்லைங்க. புதுத் திட்டம். எழுதினா அது ஆவணமாயிடும். ஆவணமானா ஒருநாள் அழிக்கணும். எழுதாம விட்டா யாருக்கும் சிரமம் இல்லை."

"உள்ள எப்படி இருக்கு?"

இளைஞர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். "காலியா இருக்குங்க. என் வீடா இருந்தா இன்னைக்கே கிளம்பிடுவேன்."

இசோகாய் சலூனுக்குப் போனார். நரைமுடிக்குப் பூசும் கறுப்புச் சாயத்தை ஒரு கிண்ணத்தில் கரைத்து, அகலமான பிரஷ்ஷோடு திரும்பிவந்தார். சுவரில் ஆள் உயரத்துக்குத் தேதியை எழுதினார். அதன் கீழே: 'மாநகராட்சி தட்டியது. உள்ளே காலி. என் வீடா இருந்தா இன்னைக்கே கிளம்பிடுவேன் என்றது.' எழுதிவிட்டு பிரஷ்ஷை இளைஞரிடம் நீட்டினார்.

"பேரை நீங்களே எழுதிடுங்க, தம்பி. இது காகிதம் இல்லை."

இளைஞர் பிரஷ்ஷைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு கைபேசியை எடுத்து, சுவர் ஆவணமா இல்லையா என்று அலுவலகத்தில் கேட்டார். காத்திருக்கச் சொன்னார்கள், கைபேசியில் பியானோ இசை ஒலித்தது. ரிட்சு கல்லாப்பெட்டியையும் மாமியாரையும் காப்பகத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். முதல் மழைத்துளிகள் சுவர்மேல் விழுந்தன.

"கலைஞ்சிடப் போகுதுங்க" என்றாள் அவள் குடையைப் பிடித்துக்கொண்டு.

இசோகாய் சாயப் பெட்டியைத் திருப்பிப் படித்தார். எத்தனை முறை தண்ணீர் பட்டாலும் ஆறு வாரத்துக்குக் கலையாது என்று போட்டிருந்தது. ஹமாசோரியில் இதைவிட நீண்ட காலவரையறை பந்தாட்ட முடிவுகளுக்குத்தான் உண்டு என்று சொல்லிவிட்டு, இன்னொரு கை பூசினார்.